மிலாறும் உறைபனியும்: உதகைத் தோட்டங்களின் பனிக்காலப் பணிகள்

நீலகிரியின் தோட்ட வரலாறு பெரும்பாலும் கோடையை வைத்தே எழுதப்பட்டிருக்கிறது. சமவெளியின் வெயிலுக்கு அஞ்சி ஏப்ரலிலும் மே மாதத்திலும் மலையேறிய ஆங்கிலேய அதிகாரிகளும், அவர்களுக்குப் பின் அதே மாதங்களில் அதே காரணத்துக்காக ரயிலிலும் பேருந்திலும் வந்த பயணிகளும் கண்ட மலர்களே உதகமண்டலத்தின் அடையாளமாக நிலைத்துவிட்டன. ஆனால் அந்த மலர்களுக்கான வேலையில் பெரும்பகுதி, பார்வையாளர் கூட்டம் குறைந்து, விடியற்காலையில் புல்லின் நுனிகள் வெளுத்து உறைந்து நிற்கும் நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களில் நடைபெறுகிறது. விதைப்பது, நாற்றுகளை மூடுவது, வெயில் ஏறுமுன் நீர் தெளிப்பது, கவாத்து செய்வது, பள்ளத்து நிலங்களை அடுத்த போகத்துக்குப் பண்படுத்துவது என்று நீளும் இப்பணிகள், பார்ப்பதற்கு அன்றாட வேலைகளாகத் தோன்றினாலும், பிரிட்டனில் பழகிய தோட்டக்கலை இந்த மலைக்கு வந்தபோது எதைக் கைவிட்டது, எதைக் கற்றுக்கொண்டது என்பதை மாளிகைகளையும் பூங்கா வாயில்களையும்விடத் தெளிவாகக் காட்டுகின்றன.

தமிழில் ‘பனி’ என்னும் ஒரே சொல் இலைமீது திரளும் ஈரத்தையும், காற்றில் மிதக்கும் மூடுபனியையும், இமயத்தில் பொழியும் வெண்பனியையும் குறிக்க வல்லது. ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த பழைய மரபு மார்கழி, தை மாதங்களை முன்பனிக்காலம் என்றும், மாசி, பங்குனி மாதங்களைப் பின்பனிக்காலம் என்றும் வகுத்தது. சமவெளி உழவனுக்கு அந்தப் பகுப்பு போதுமானதாக இருந்தது. ஏனெனில் அங்கே பனி பயிரை நனைக்குமே தவிரக் கொல்லாது. நீலகிரியில் அப்படிச் சொல்லிவிட முடியாது என்பதால், மலைமக்களின் அன்றாடப் பேச்சு பனியை இரண்டாகப் பிரித்துக்கொண்டது. ஐப்பசி, கார்த்திகை வாக்கில் இலைகளில் திரண்டு வழிவது நீர்ப்பனி. அதற்குப் பின், வானம் வெளுத்துக் காற்று அடங்கிய இரவுகளில் புல்லின்மேல் உப்புத் தூவியதுபோல் படிவது உறைபனி. முன்னது வந்தால் தோட்டக்காரர் பின்னதற்கு ஆயத்தமாகிறார்; அந்த இடைவெளி சில ஆண்டுகளில் ஒரு வாரமாகவும், வடகிழக்குப் பருவமழை மேகங்கள் விலகாமல் நின்ற ஆண்டுகளில் ஒரு மாதத்துக்கு மேலாகவும் இருக்கும்.

உறைபனி மேலிருந்து விழுவதில்லை, இருந்த இடத்திலேயே உருவாகிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் அதை எதிர்கொள்ளும் பணிகளின் பொருள் விளங்கும். மேகமற்ற இரவில் நிலமும் இலைகளும் பகலில் பெற்ற வெப்பத்தை வானத்துக்கு இழந்துவிடுகின்றன. அவற்றைத் தொட்டுக் குளிர்ந்த காற்று கனம் கூடிச் சரிவுகளில் மெல்ல இறங்கிப் பள்ளங்களில் தேங்குகிறது. ஆகவே, உயரத்தில் குளிர் மிகும் என்ற பொதுவிதிக்கு மாறாக, பனிக்கால இரவுகளில் குன்றின் தோளைவிடக் காலடியே அதிகம் உறைகிறது. உதகையின் குதிரைப் பந்தய மைதானம், காந்தல், தலைக்குந்தா, தாவரவியல் பூங்காவின் கீழ்ப்புல்வெளி, சற்று விலகி அவலாஞ்சி ஆகிய தாழ்ந்த இடங்கள் ஆண்டுதோறும் முதலில் வெளுப்பதும், அவற்றுக்குச் சில பத்து மீட்டர் மேலே உள்ள சரிவுகள் பல நாட்கள் தப்பிவிடுவதும் இதனால்தான். பூமத்திய ரேகைக்கு வடக்கே 11 பாகை அளவிலேயே அமைந்த ஊர் என்பதால், விடியலில் உறைந்த அதே பாத்தி நண்பகலில் கடும் வெயிலில் காய்கிறது என்பது இம்மலையின் மற்றொரு தனித்தன்மை. ஐரோப்பியப் பனிக்காலத்தில் செடி மாதக்கணக்கில் உறங்குகிறது. இங்கே அது இரவில் உறைந்து பகலில் விழித்துக்கொள்கிறது.

இந்த உறைபனிதான் மலையின் இயற்கைத் தோட்டத்துக்கும் எல்லை வகுத்திருக்கிறது என்ற கருத்து வனவியலாளரிடையே நெடுங்காலமாக உண்டு. நீலகிரி மேட்டுநிலத்தில் சோலை எனப்படும் அடர்ந்த குறுமரக் காடுகள் மடிப்புகளிலும் ஓடைக் கரைகளிலும் ஒதுங்கி நிற்க, அவற்றைச் சுற்றிய குன்றுகள் முழுவதும் புல்லாகப் பரந்திருப்பதைக் கண்ட ரங்கநாதன் என்னும் வனத்துறை அறிஞர், சோலை மர நாற்றுகள் திறந்த வெளியில் முளைத்தாலும் உறைபனியில் கருகிவிடுவதே இதற்குக் காரணம் என்று 1938-ல் எழுதினார். தீயும் மேய்ச்சலும் இதில் எவ்வளவு பங்கு கொண்டன என்ற விவாதம் பின்னரும் தொடர்ந்தது. எனினும் பீட் எனப்படும் சதுப்புமட்கின் படிவுகளை ஆராய்ந்து 1993-ல் வெளியான ஆய்வு, புல்வெளி இம்மலைக்கு 20,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடையது என்று காட்டியதால், அது காட்டை அழித்து மனிதர் உண்டாக்கிய வெறும் தரிசு என்ற எண்ணம் வலுவிழந்தது. அந்தப் புல்லை நம்பி எருமை வளர்த்த தோடர்கள், புல் காய்ந்துபோகும் டிசம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களில் மந்தைகளை ஓட்டிக்கொண்டு குந்தாப் பக்கத்து மந்துகளுக்கு இடம்பெயர்வதை வழக்கமாகக் கொண்டிருந்தனர். மந்து என்பது அவர்களது குடியிருப்பு. படகர்கள் சாமையையும் கடுகையும் பூண்டையும் கோடை மழையை ஒட்டிப் பயிரிட்டனர். பனியோடு மல்லுக்கு நிற்காமல் அதற்கு வழிவிட்டு ஆண்டை அமைத்துக்கொள்வதே இவ்விரு மக்களின் முறையாக இருந்தது. பனிமாதங்களில் மென்மையான செடிகளை வளர்த்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இருக்கவில்லை. அந்தக் கட்டாயம் பின்னர் வந்தது.

கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் நீலகிரிக்கு ஏறியது 1819 ஜனவரியில், அதாவது உறைபனி உச்சத்தில் இருக்கும் மாதத்தில். சமவெளியிலிருந்து சென்ற ஒருவரை அந்தக் குளிர் எவ்வளவு கவர்ந்திருக்கும் என்பதை அவர் அடுத்தடுத்துச் செய்த காரியங்களே கூறுகின்றன: கோத்தகிரி அருகே திம்பட்டியில் ஒரு வீடு, 1822-ல் உதகையில் கல்வீட்டின் தொடக்கம், அதைத் தொடர்ந்து ஏரி, அவற்றோடு உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, ஆப்பிள், பீச் முதலியவற்றைப் பயிரிட்டுப் பார்க்கும் முயற்சிகள். ஐரோப்பியச் செடிகளுக்கு ஏற்ற குளிர் கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் தொடங்கிய அத்தோட்டங்கள், அந்தக் குளிர் எல்லாச் செடிகளுக்கும் ஏற்றதன்று என்பதைப் பட்டுத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. முட்டைக்கோசும் காரட்டும் பனியைத் தாங்கின. உருளைக்கிழங்கின் தழையும் பீன்சும் ஒரே இரவில் கருகின. தமிழ்நாட்டுச் சந்தைகளில் இன்றும் வழங்கும் ‘இங்கிலீஷ் காய்கறி’ என்ற தொடருக்குப் பின்னே இத்தகைய பல பருவங்களின் இழப்பும் தேர்ச்சியும் இருக்கின்றன.

தாவரவியல் பூங்காவின் தொடக்கமும் காய்கறியில்தான் இருக்கிறது. 1845 அளவில் உதகையில் குடியிருந்த ஐரோப்பியர் சிலர், மாதம் 3 ரூபாய் சந்தா செலுத்தி, நியாயமான செலவில் காய்கறி பெறுவதற்காகக் கூட்டாக ஒரு தோட்டம் அமைத்தனர். அது நீடிக்கவில்லை. அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த ட்வீடேல் பிரபு, இதனினும் விரிந்த நோக்கமுடைய தோட்டக்கலைப் பூங்கா ஒன்றுக்கு ஆதரவளிக்க, பொதுமக்கள் நன்கொடையும் அரசு உதவியும் சேர்ந்து பணி தொடங்கியது. இங்கிலாந்தின் கியூ தாவரவியல் பூங்காவில் பயின்ற வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் 1848-ல் அதன் பொறுப்பை ஏற்க வந்தார். அவருக்குக் கொடுக்கப்பட்ட நிலம், மேற்பகுதியில் சோலைக் காடாகவும் கீழ்ப்பகுதியில் சதுப்பாகவும், இடையில் ஓடைகள் அறுத்த பள்ளங்களாகவும் கிடந்தது. சரிவைப் படிப்படியாக வெட்டி, சதுப்பின் நீரை வடித்து, பாதைகளை வளைத்து அமைக்க அவருக்கு ஏறத்தாழப் பத்தாண்டுகள் பிடித்தன. தொட்டபெட்டா மலையின் தாழ்சரிவில் 22 ஹெக்டேர் பரப்பில் அமைந்த அப்பூங்காவின் அடித்தளத்தில் விரிந்திருக்கும் புல்வெளி, ஒரு காலத்தில் நீர் தேங்கிய தாழ்நிலமே. முன்பு நீர் இறங்கித் தங்கிய அதே வழியில் இப்போது இரவுக் குளிர் இறங்கித் தங்குகிறது. பூங்காவின் மிக அழகிய இடமே மிக அதிகமாக உறையும் இடமாகவும் இருப்பது நிலத்தின் பழைய அமைப்பிலிருந்து வந்தது.

மெக்ஐவரின் தலைமுறைத் தோட்டக்காரர்கள் மாதவாரிப் பணிக்குறிப்புகளைக் கொண்டு பயின்றவர்கள். ஒவ்வொரு மாதத்திலும் தோட்டத்தில் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்லும் நூல்வகை இங்கிலாந்தில் 1664-ல் ஜான் ஈவ்லின் வெளியிட்ட தோட்ட நாட்காட்டியோடு புகழ்பெற்று, அடுத்த இரு நூற்றாண்டுகளில் அங்கே ஒவ்வொரு பெரிய வீட்டின் தோட்டக் கொட்டகைக்கும் உரியதாயிற்று. அதன்படி டிசம்பரும் ஜனவரியும் நிலத்தைக் கொத்தி விடவும், எரு இடவும், இலையுதிர்ந்த மரங்களைக் கழிக்கவும், கருவிகளைச் சீர்செய்யவும் உரிய மாதங்கள், விதைப்பு வசந்தத்தில், மலர்ச்சி கோடையில். இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயர் இந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. வங்காளத்தில் சமயப் பணியாளராக இருந்த ஃபர்மிங்கர் 1860-களில் எழுதிய தோட்டக்கலைக் கையேட்டிலும் அதுபோன்ற நூல்களிலும் ஐரோப்பிய மலர்ச்செடிகள் குளிர்காலச் செடிகளாகவே இடம்பெறுகின்றன: மழை ஓய்ந்ததும் அக்டோபரில் விதைத்து, ஜனவரி, பிப்ரவரியில் பூக்கக் காண்பது சமவெளியின் முறை. கல்கத்தாவிலும் சென்னையிலும் பெங்களூரிலும் பனிக்காலமே மலர்க்காலம்.

உதகை இவ்விரண்டு நாட்காட்டிகளுக்கும் பிடிபடவில்லை. இங்கிலாந்தைப் போல நிலம் ஆழமாக உறையாததால் ஜனவரியிலும் மண்ணைக் கிளறலாம், விதைக்கலாம். சமவெளியைப் போல வெட்டவெளியில் நடவும் முடியாது. இந்த இடைநிலையில் பணிகளின் வரிசையை முடிவுசெய்தது தட்பவெப்பத்தைவிட ஆட்சியின் நடமாட்டம்தான் என்று கூறுவது தகும். 1870 வாக்கில் உதகை சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகராக முறைப்படி நிலைபெற்றபின், ஆளுநரும் செயலகமும் ஏப்ரலில் மலையேறி அக்டோபரில் இறங்கினர். ஆளுநர் மாளிகை பூங்காவுக்கு மேலேயே எழுந்தது. மலர்கள் மே மாதத்தில் உச்சத்தில் இருக்க வேண்டும் என்ற தேவை அப்போது உறுதியாயிற்று. 1890-களில் தொடங்கிய மலர்க் கண்காட்சி அத்தேவைக்கு ஒரு நாளும் குறித்துக் கொடுத்தது. 2023 மே மாதத்தில் 125-ஆவது கண்காட்சி நடைபெற்றது. மே நடுப்பகுதியிலிருந்து பின்னோக்கி எண்ணினால், மூன்று முதல் ஆறு மாதங்கள் தேவைப்படும் செடிகளின் விதைப்பும் நாற்றுப்பருவமும் சரியாக உறைபனி மாதங்களில் வந்து விழுகின்றன. செடிக்கு மிகத் தீங்கான காலத்தில் செடியின் மிக மென்மையான பருவம் அமைந்துவிட்டது. உதகையின் பனிக்காலத் தோட்டத் தொழில் முழுவதும் இந்த ஒரு முரண்பாட்டிலிருந்து பிறந்தது.

மூடிக் காப்பது என்ற எண்ணம் மெக்ஐவருக்குப் புதிதன்று. அவர் உதகைக்கு வருமுன்பே, 1847-ல், பிரிட்டனின் ஈரற்செடிகளைப் பற்றி ஒரு தொகுப்பை வெளியிட்டவர். ஈரற்செடி என்பது பாசியோடு நெருங்கிய உறவுடைய, ஈரப்பாறைகளில் படரும் சிறு தாவரம். 1860-இல் மலேரியா மருந்தான கொய்னாவுக்காகத் தென் அமெரிக்காவிலிருந்து சின்கோனாச் செடிகள் நீலகிரிக்கு வரத் தொடங்கி, தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தபோது, மரத்தை வெட்டாமல் பட்டை எடுக்க அவர் கண்ட வழி இந்தப் பழைய ஈடுபாட்டை நினைவூட்டுகிறது. உயிருள்ள மரத்தின் பட்டையை நீளவாக்கில் பட்டை பட்டையாக உரித்து, உரித்த இடத்தை ஈரப்பாசியால் போர்த்திக் கட்டினால், வெயிலும் காற்றும் படாத அந்த மறைவில் புதுப்பட்டை வளர்கிறது என்றும், அதில் மருந்துச்சத்து கூடுதலாக உள்ளது என்றும் அவர் காட்டினார். பாசிப்போர்வை முறை என்று பெயர்பெற்ற இது பனிக்காப்புக்கு உரியதன்று. ஆயினும், மலையில் கிடைக்கும் தழையையும் பாசியையும் கொண்டே மலையின் தட்பவெப்பத்திலிருந்து செடியைக் காக்கலாம் என்ற ஒரே அறிவின் மற்றொரு வெளிப்பாடாக இதைக் கருதலாம். மெக்ஐவர் 1876-ல் மறைந்தார்.

பனிக்காப்புக்கு உதகையில் வழங்கும் பொருள் மிலார். தமிழ் அகராதிகளில் மிலாறு என்பது வளைந்துகொடுக்கும் சிறுகிளையைக் குறிக்கும். சமவெளியில் புளிய மிலாறு என்றால் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும். பூங்காத் தொழிலாளர் ‘கோத்தகிரி மிலார்’ என்று கூறுவது, கோத்தகிரிப் பக்கத்தின் பெயரால் வழங்கும் ஒரு புதர்ச்செடியின் தழையோடு கூடிய கிளைகளை. நவம்பரில் அவை கட்டுக்கட்டாகப் பூங்காவுக்கு வந்து இறங்குகின்றன. ஒரு சாண் உயர நாற்றைச் சுற்றி மூன்று நான்கு கிளைகளைச் சாய்வாக மண்ணில் ஊன்றி, நுனிகளை மேலே ஒன்றோடொன்று பொருந்தவிட்டால் ஒரு சிறு கூடாரம் அமைந்துவிடுகிறது. அதன் இலைகள் நெருக்கமாக இருப்பதால் நாற்றின் வெப்பம் வானத்துக்கு இழக்கப்படுவதில்லை. உறைபனி மிலாரின் இலைமேல் படிகிறது, உள்ளே இருக்கும் செடியின்மேல் படிவதில்லை. அதே வேளையில் கிளைகளின் இடுக்கு வழியே பகல் வெளிச்சமும் காற்றும் புகுவதால், நாற்று வெளிறியோ அழுகியோ போவதில்லை. நண்பகல் வெயிலின் கடுமையையும் அதே கூடாரம் தணிக்கிறது. வரிசை வரிசையாகச் சாம்பல் கலந்த பச்சையில் நிற்கும் இக்கூடாரங்களை ஜனவரியில் காண்பவர் பாத்தியில் செடியே இல்லையென்று எண்ணக்கூடும். குனிந்து ஒரு கிளையை விலக்கினால் உள்ளே ஈரமண்ணில் நாலிலை விட்ட சால்வியா நிற்பது தெரியும்.

பிரிட்டனின் தோட்டக்காரர்களும் வைக்கோலையும் பெரணித் தழையையும் கொண்டு மென்செடிகளை மூடியவர்களே. ஆகவே மூடும் கருத்தை யார் யாருக்குக் கற்பித்தனர் என்று வழக்குரைப்பதில் பயனில்லை. எந்தக் கிளை எவ்வளவு நாள் இலை உதிராமல் நிற்கும், எந்தக் கிளை மழையில் அழுகும், எது வளைந்துகொடுக்கும் என்ற தேர்வறிவு மட்டும் இம்மலையில் பிறந்து வளர்ந்தவர்களிடமிருந்தே வந்திருக்க முடியும். கண்ணாடி இல்லங்கள், பசுமைக்குடில்கள், நெகிழி விரிப்புகள் ஆகிய அனைத்தும் வந்த பின்னும் மிலாரின் இடம் போகவில்லை என்பது அத்தேர்வு எவ்வளவு சரியானது என்பதற்குச் சான்று.

நாற்றை மூடலாம்; ஏக்கர்கணக்கான புல்வெளியை மூட முடியாது. அங்கே வேறொரு முறை கையாளப்படுகிறது. இரவில் உறைந்த புல்லின்மேல் சூரிய ஒளி நேராகப் பட்டால், இலையின் உயிரணுக்களுக்கு இடையே உறைந்திருந்த நீர் விரைந்து உருக, அணுச்சுவர்கள் சிதைந்து, இரண்டு மூன்று நாட்களில் புல் பழுப்பேறிக் கருகுகிறது. நீலகிரிப் புல்வெளிகளில் பரவலாகக் காணப்படும், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கிக்கூயூப் புல் கோடையில் செழித்துப் படர்வதாயினும் உறைபனிக்கு எளிதில் நிறம் மாறிவிடும். இதைத் தடுக்க, கதிர் புல்வெளியைத் தொடுவதற்கு முன்பே தொழிலாளர் வந்து நீர் தெளித்துப் பனியைக் கரைத்துவிடுகின்றனர். நீர் எவ்வளவு குளிர்ந்திருந்தாலும் உறைபனியைவிட வெப்பமுடையதே. அது தன் வெப்பத்தைக் கொடுத்து, நிழலிலேயே, மெல்ல, இலைக்குத் தீங்கில்லாமல் பனியை நீராக்குகிறது. முன்னர் குழாயைக் கையில் பிடித்துச் செய்த இவ்வேலை இப்போது பெரும்பாலும் தெளிப்பான்களால் நடக்கிறது. நேரம் மட்டும் மாறவில்லை. உறைந்த புல்லின்மேல் நடக்கக்கூடாது என்பதும் இதன் ஒரு பகுதி: கால் பட்ட இடத்தில் இலை முறிந்து, பனி கரைந்தபின் அந்தக் காலடி கருநிறச் சுவடாகப் பல நாட்கள் நிற்கும்.

நாற்றங்கால் வேலை இவற்றோடு இணைந்தே செல்கிறது. பெட்டூனியா, பெகோனியா போன்றவற்றின் விதை தூசிபோன்றது; மணலோடு கலந்து தூவி, சலித்த இலைமட்கை மேலே மெல்லியதாகப் பரப்பி, பூவாளியின் நுண்ணிய துளைகளால் நனைக்க வேண்டும். பான்சி, டயாந்தஸ், ஸ்டாக், டெல்பினியம் ஆகியவை குளிரை ஓரளவு தாங்குவதால் முன்னதாகவே பாத்திக்கு வருகின்றன. சால்வியா, மேரிகோல்டு, டாலியா ஆகியவை வெப்பநாட்டுப் பிறப்பானதால் மிலாருக்குள் நீண்டநாள் இருக்க நேர்கிறது. கண்காட்சி மாடத்தில் அடுக்கப்படும் தொட்டிச் செடிகளுக்குத் தனிக் கணக்கு உண்டு. ஒரே நாளில் எல்லாம் பூக்க வேண்டும் என்பதால், விரைவாகப் பூப்பது தாமதமாகவும், தாமதமாகப் பூப்பது முன்னதாகவும் விதைக்கப்படுகின்றன. பனி இரண்டு வாரம் தள்ளிவந்த ஆண்டில் அந்தக் கணக்கு முழுவதையும் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. இக்கணக்கைக் கையில் வைத்திருப்பவர்கள் பூங்காவின் மூத்த தொழிலாளர்கள்.

ரோஜாவுக்குப் பனிக்காலப் பணி கவாத்து. மலர்க் கண்காட்சியின் நூற்றாண்டை ஒட்டி 1995-ல் விஜயநகரம் பகுதியில், எல்க் குன்றின் சரிவில் ஐந்து படிகளாக அமைக்கப்பட்ட அரசு ரோஜாப் பூங்காவில் ஜனவரி பிறந்ததும் இது தொடங்குகிறது. காய்ந்த கிளை, உள்நோக்கி வளரும் கிளை, ஒன்றையொன்று உரசும் கிளை ஆகியவற்றை அடியோடு நீக்கி, நல்ல கிளைகளை வெளிநோக்கிய மொட்டுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டி, வெட்டுவாயில் பூஞ்சணம் தொற்றாதபடி தாமிரம் கலந்த பசையைத் தடவிவிடுகின்றனர். துளிர் விட்டு மொட்டாகிப் பூக்க மூன்று மாதங்களுக்கு மேல் ஆவதால், ஜனவரியில் வெட்டிய செடி ஏப்ரல் பிற்பகுதியில் பூக்கத் தொடங்கி மே மாதத்துக்கு நிறைந்து நிற்கும். முன்னதாக வெட்டினால் இளந்துளிர் பனியில் மாட்டும். தாமதித்தால் கண்காட்சிக்குப் பூ இராது. குளிர் தேங்காத சரிவில் பூங்கா அமைந்திருப்பது இந்த நெருக்கடியைச் சற்றுத் தளர்த்துகிறது. 2006-ல் உலக ரோஜாச் சங்கங்களின் கூட்டமைப்பு தெற்காசியாவின் சிறந்த ரோஜாப் பூங்கா என்ற விருதை இதற்கு வழங்கியது. குன்னூரில், 1874-ல் உருவான சிம்ஸ் பூங்காவின் பக்கம், பேரி, பிளம்ஸ், பீச் ஆகிய இலையுதிர் பழமரங்களுக்கும் டிசம்பர், ஜனவரியே கழிப்புக் காலம். அவ்வூர் உதகையைவிடத் தாழ்ந்திருப்பதால் அங்கே உறைபனி அத்தனை பெரிய கவலையாக இருப்பதில்லை.

பூங்காவின் சுவருக்கு வெளியே இதே போராட்டத்தை நடத்துபவர் சிறு விவசாயிகள். நீலகிரியில் மலைக்காய்கறிச் சாகுபடி கார்போகம், கடைபோகம், நீர்போகம் என்று மூன்று பருவங்களாகப் பகுக்கப்படுகிறது. முதலிரண்டும் மழையை நம்பியவை. ஆண்டின் தொடக்கத்தில் விதைக்கப்படும் நீர்போகம் மட்டும் பாசனத்தை நம்பியது. ஆகவே நீர் கிடைக்கும் ஓடையோரத் தாழ்நிலங்களிலேயே அது நடைபெற முடியும். நீர் இருக்கும் இடமே குளிர் தேங்கும் இடமாகவும் இருப்பது இப்போகத்தின் இடர். அதனால் டிசம்பரில் நிலத்தைக் கொத்தி, எருவிட்டு, வாய்க்காலைச் சீராக்கி வைத்தாலும், உருளைக்கிழங்கின் முளை மண்ணுக்கு மேலே தலைகாட்டும் நாள் பனி தணியும் நாளோடு பொருந்துமாறு விதைப்பைத் தள்ளி வைப்பதில்தான் விவசாயியின் திறமை இருக்கிறது. தேயிலைத் தோட்டங்களிலோ, பள்ளத்துச் செடிகள் ஒரே வாரத்தில் நெருப்புப் பட்டதுபோல் கருகிவிடுவது உண்டு. தழைகளைப் பரப்பி மூடுவதும் அதிகாலையில் நீர் தெளிப்பதும் அங்கும் கையாளப்படுகின்றன. பூங்காவில் கருகினால் ஒரு பாத்தி போகும். இங்கே கருகினால் ஒரு குடும்பத்தின் பல மாத வருமானம் போகும். நீலகிரியின் பனிக்காலத்தைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் வெண்புல்வெளியின் படத்தோடு முடிந்துவிடுவது இந்த வகையில் பெருங்குறையே.

பூங்காவின் நிருவாக வரலாறு ஓரளவு முழுமையாகவே கிடைக்கிறது. காப்பாளர்களின் பெயர்களும், கட்டடங்களின் ஆண்டுகளும், தோட்டக்கலைக்கென 1979-ல் தமிழ்நாடு அரசு தனித்துறை அமைத்தது போன்ற மாற்றங்களும் ஆவணங்களில் உள்ளன. பணிகளின் வரலாறு அவ்வாறு கிடைப்பதில்லை. எந்தச் செடியை எந்த வாரம் மூடுவது, நீர்ப்பனியின் எந்த அடையாளத்தைக் கண்டு உறைபனியை முன்னறிவது, மிலாரை எப்போது எடுத்துவிடுவது ஆகியவை தலைமுறை தலைமுறையாக வாய்மொழியாகவே கடத்தப்பட்டு வந்திருக்கின்றன. பனி வரும் நாளும் போகும் நாளும் முன்போல் நிலையாக இல்லாத இக்காலத்தில் அந்த அறிவு இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். ஆனால் அதை உடையவர்கள் ஒவ்வோர் ஆண்டும் ஓய்வுபெற்றுச் செல்கின்றனர். தோட்டக்கலைத் துறையும் மலைப்பகுதியின் கல்லூரிகளும் அவர்களை அணுகி, அவர்கள் வழங்கும் சொற்களிலேயே, நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான ஒரு பணிநாட்காட்டியை எழுதி வெளியிட வேண்டும்.